வெண்ணெய்ச் சீட்டும் கறுவாப் பட்டையும்: சாக்சனியின் நத்தார் ஆயத்தங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நத்தார் என்னும் சொல் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று. பாண், அலுமாரி, சப்பாத்து, கதிரை என்பவற்றோடு அதுவும் எம் கரையில் இறங்கிற்று. பிறப்பு என்பதே அதன் பொருள். ஆயின் அப்பிறப்பை நினைவுகூரும் ஒரு நாளின் பொருட்டு வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், அடுப்படியில் நடைபெறும் ஆயத்தங்களுக்கு எம்மவர் வழங்கும் தனிப்பெயர் ஏதுமில்லை. பண்டிகைகளின் வரலாற்றை எழுதுவோரும் பெரும்பாலும் பண்டிகை நாளையே எழுதுகின்றனர். அதற்கு முந்திய நாட்களை விட்டுவிடுகின்றனர். உழைப்பு முழுவதும் அம்முந்திய நாட்களிலேயே உள்ளது என்பதை நோக்க, இப்புறக்கணிப்புத் தற்செயலானதாகத் தோன்றவில்லை.

எமது ஊரில் நத்தாருக்கு இரு வாரங்களுக்கு முன்னரே கேக் கலவை நிரம்பிய தட்டங்களைச் சைக்கிளில் வைத்து வெதுப்பகத்துக்குக் கொண்டுசெல்வார்கள். வீட்டிற் போறணை உள்ளவர்கள் மிகச் சிலரே. தட்டத்தின் விளிம்பில் வீட்டாரின் பெயரெழுதிய கடதாசித் துண்டொன்று ஒட்டப்பட்டிருக்கும். ஒருமுறை எங்கள் துண்டு சூட்டிற் கருகிப்போனமையால் அயல்வீட்டுக் கேக் எங்களுக்கும் எங்கள் கேக் அவர்களுக்கும் மாறிச் சென்றது. யாருடையதில் முந்திரிப்பருப்பு அதிகம் என்ற வினா எழுந்து, இரு வீட்டாருக்குமிடையே பொங்கல் வரை பேச்சுவார்த்தை இல்லாதுபோயிற்று. பின்னாளில் ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்து வழக்கங்களைப் பற்றி வாசித்தபோது, அங்கும் இல்லத்தரசிகள் தாம் பிசைந்த மாவை ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுசென்றனர் என்பதையும், மாறிவிடாதிருக்கப் பெயர் பொறித்த சிறு தகரத் தகடுகளை மாவிற் செருகினர் என்பதையும் அறிந்தேன். கடதாசியைவிடத் தகரம் எவ்வளவோ மேல்! இக்கட்டுரைக்கு வித்திட்டது அத்தகரத் தகடேயாகும்.

சாக்சனியைத் தெரிந்துகொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நத்தாரை முன்கூட்டியே வரவேற்கும் இல்லப் பலகாரங்களும் கைவினைப் பொருட்களும் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றுட் கணிசமானவை ஜேர்மன் நிலப்பகுதிகளில், சிறப்பாகச் சாக்சனியிலும் அதனை அடுத்துள்ள தூரிங்கியா, பிராங்கோனியா ஆகிய பகுதிகளிலும் உருப்பெற்றவை. இவற்றை ஆண்டாண்டு காலமாக மாறாது வரும் இனிய இல்ல வழக்கங்களாகக் காண்பதே பொதுநோக்கு. அந்நோக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? இல்லம் எனப்படுவது யாருடைய இல்லம்? இவ்விரு வினாக்களே இங்கு எம்மை வழிநடத்துகின்றன.

எண்ணெயும் வெண்ணெயும்

திருவருகைக் காலம் இன்று இனிப்பின் காலமாகக் கொள்ளப்படுகிறது. மத்திய காலத்திலோ அது ஒறுத்தலின் காலமாக இருந்தது. நவம்பர் 11ஆந் திகதி வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குப் பின்னர் நத்தார்வரை நோன்பு காக்கும் வழக்கம் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளிற் பிரான்சின் தூர் நகர்ப் பகுதியில் வேரூன்றி மேற்கு ஐரோப்பாவிற் பரவிற்று. எமது கத்தோலிக்க மக்கள் சுத்தபோசனம் என்று கூறுவதனைவிட அது கடுமையானது. இறைச்சி மாத்திரமன்றிப் பால், வெண்ணெய், முட்டை ஆகியனவும் விலக்கப்பட்டிருந்தன.

இன்று ஸ்டொலன் என அழைக்கப்படும் சாக்சனியின் நத்தார்ப் பாண் இந்நோன்புக் காலத்தின் பிள்ளையாகும். 1329ஆம் ஆண்டில் நவும்பேர்க் நகரின் ஆயர் அந்நகர வெதுப்பாளர் சங்கத்துக்கு உரிமைப்பட்டயம் வழங்கியபோது, பதிலாக ஒவ்வொரு நத்தாருக்கும் இரு நீண்ட கோதுமைப் பாண்களைத் தமக்குத் தரவேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி இதுவே. இப்பலகாரம் வரலாற்றில் முதன்முதல் தலைகாட்டுவது இல்லத்து விருந்தாக அன்று, நிலமானிய ஆண்டைக்குச் செலுத்தப்பட்ட திறையாக என்பது கவனிக்கற்பாலது. டிறெஸ்டன் நகரில் 1474ஆம் ஆண்டைச் சேர்ந்த மருத்துவமனைக் கணக்கொன்றிலும் இதன் பெயர் வருகின்றது. அக்காலத்து ஸ்டொலன் மா, நீர், புளிக்கச் செய்யும் நொதி, சிறிது எண்ணெய் என்பவற்றாலானது. அதனை விரும்பி உண்டோர் இருந்திருப்பர் என்று கூறுவதற்கில்லை.

எண்ணெய் என்றதும் எம்மவர்க்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நினைவுக்கு வரும். அவற்றாற் செய்த பலகாரத்துக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். சாக்சனியின் நிலைமை வேறு. ஒலிவ மரம் அல்ப்ஸ் மலைக்கு வடக்கே விளைவதில்லை. வெண்ணெயை விலக்கி எண்ணெயை உண்ணுக என்ற விதி மத்தியதரைக் கடலோரத்து மக்களுக்கு எவ்வித இடரும் தராதது. அவர்களின் அன்றாட உணவே எண்ணெய்தான். அதே விதி மாடு வளர்க்கும் வடபுல மக்கள்மீது சுமத்தப்பட்டபோது, அவர்கள் கசக்கும் கடுகினத்து எண்ணெயைப் பயன்படுத்தினர். அன்றேல் தெற்கிலிருந்து வந்த ஒலிவ எண்ணெயை உயர்விலை கொடுத்து வாங்கினர். ஓரிடத்துச் சூழலிற் பிறந்த சமய ஒழுக்கம் பிறிதொரு சூழலிற் பொருளாதாரச் சுமையாக மாறுதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

இச்சுமையினின்று விடுதலை கோரிச் சாக்சனியின் ஆட்சியாளர் பாப்பரசருக்கு விண்ணப்பித்தனர். 1491ஆம் ஆண்டிற் பாப்பரசர் எட்டாம் இன்னசென்ட் அளித்த அனுமதியே 'வெண்ணெய்ச் சீட்டு' எனப் பெயர் பெற்றது. வெண்ணெய் உண்ணலாம், ஆனால் உண்போர் அதற்கெனப் பணம் செலுத்தவேண்டும். அப்பணத்தின் ஒரு பகுதி, 1484ஆம் ஆண்டிற் தீக்கிரையான பிறைபேர்க் நகரத் தேவாலயத்தை மீளக்கட்டுவதற்கெனக் குறிக்கப்பட்டது. பிரான்சின் ரூவோன் நகரப் பேராலயத்தின் ஒரு கோபுரம் இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்றே அழைக்கப்படுகிறது. அதுவும் இத்தகைய பணத்தால் எழுந்ததென்பர்.

இவ்விடத்திற் சிறு திருத்தமொன்று கூறவேண்டியுள்ளது. எர்ன்ஸ்ட், அல்பிரெக்ட் எனும் சகோதர இளவரசர்கள் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலசுக்கு எழுதினர் என்றும், அவர் மறுத்தார் என்றும், பின் வந்த பாப்பரசர் இசைந்தார் என்றும் சமையல் நூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் கூறிவருகின்றன. ஐந்தாம் நிக்கலஸ் 1455ஆம் ஆண்டில் இறந்தார். எர்ன்ஸ்ட் பிறந்தது 1441இல். அல்பிரெக்ட் பிறந்தது 1443இல். பதினான்கு வயதும் நிரம்பாத இரு சிறுவர்கள் வெண்ணெய் வேண்டி உரோமாபுரிக்கு மனுச் செய்தனரென்பது நம்பத்தக்கதன்று. மேலும் சீட்டு வந்து சேர்ந்த 1491இல் எர்ன்ஸ்ட் உயிருடனும் இல்லை. அவர் இறந்தது 1486இல். தந்தையின் செயல் மைந்தர்மேல் ஏற்றப்பட்டதோ, காலம் மாறி உரைக்கப்பட்டதோ, எவ்வாறாயினும் கதை சுவையானது என்பதனால் வரலாறாகிவிடாது.

சீட்டு முறைமை மனக்கசப்பை வளர்த்தது. உரோமில் உள்ளோர் தாம் நோன்பைப் பொருட்படுத்தாமல், தாமே தொட விரும்பாத எண்ணெயை அயலார்மேற் சுமத்திப் பின் வெண்ணெய் உண்ணும் உரிமையைக் காசுக்கு விற்கின்றனர் என்ற கருத்துப்பட மார்ட்டின் லூதர் 1520ஆம் ஆண்டில் எழுதினார். சமயச் சீர்திருத்தத்தின் காரணங்களை ஆராயும் நாம் பாவமன்னிப்புச் சீட்டுகளைப் பற்றி விரிவாகக் கற்கிறோம். ஆண்டுதோறும் ஒவ்வோர் அடுப்படியிலும் உணரப்பட்ட இவ்வெண்ணெய்க் காசைப் பற்றி ஓரிரு வரிகளே கற்கிறோம். சாதாரண விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு இறையியல் வாதங்களைவிட இது அண்மையில் இருந்திருக்கும். டிறெஸ்டன் அடங்கிய நிலப்பகுதி 1539இல் சீர்திருத்தத்தைத் தழுவியபோது நோன்பு விதி நீங்கிற்று. அதன் பின்னரே ஸ்டொலன் கொழுக்கத் தொடங்கிற்று. டிறெஸ்டனின் பெயர் தாங்கி இன்று விற்கப்படும் ஸ்டொலனில், மாவின் எடையில் ஆகக்குறைந்தது அரைப்பங்கு வெண்ணெய் இருத்தல் வேண்டுமென்பது விதி. விலக்கப்பட்டிருந்த பொருளே கட்டாயப் பொருளாயிற்று!

முன்கூட்டியே செய்தல் என்ற வழக்கமும் இக்கொழுப்போடு தொடர்புடையது. நெருப்பிலிருந்து எடுத்தவுடன் உருகிய வெண்ணெயைப் பூசிச் சீனியை மேலே தூவினால் காற்றும் ஈரமும் உட்புகா. அவ்வாறு குளிர்ந்த அறையில் மூன்று நான்கு வாரங்கள் வைக்கப்படும்போது உலர்ந்த திராட்சையின் ஈரமும் வாசனைத் திரவியங்களின் மணமும் மாவினுட் பரவுகின்றன. நவம்பரிற் செய்து டிசெம்பரில் வெட்டுவது இதனாலேயே. தேனும் வாசனைத் திரவியமும் சேர்ந்த லேப்கூஹன் எனும் பலகாரத்தின் மாவை இன்னும் முன்னதாகவே பிசைந்து, மாதக்கணக்கிற் கிடப்பில் விடுவதும் உண்டு. எமது கேக்குக்குப் பழங்களையும் இஞ்சிப்பாகு, பூசணித்தோசி முதலியவற்றையும் நாட்கணக்கிற் பிராந்தியில் ஊறவிடுகின்றோமன்றோ, அதனை ஒத்ததே இதுவும்.

மணத்தின் விலை

லேப்கூஹனுக்குப் பெயர்பெற்றது நூரென்பேர்க் நகரம். நகரைச் சூழ்ந்த பேரரசுக் காடுகளிலே தேன் எடுப்போருக்குத் தனி உரிமைகள் இருந்தன. வெனிசிலிருந்து வடக்கே செல்லும் வாசனைத் திரவிய வணிகப் பாதையும் இந்நகரூடாகவே சென்றது. தேனும் திரவியமும் சந்தித்த சந்தியிற் பலகாரம் பிறந்ததில் வியப்பில்லை. 1643ஆம் ஆண்டில் அங்குள்ள லேப்கூஹன் செய்வோர் தனிச்சங்கமாக ஏற்கப்பட்டனர். சங்கத்தினர் அல்லாதோர் விற்பனைக்குச் செய்தல் தடுக்கப்பட்டது என்பதும், சங்கத்துள் ஆடவரே முதன்மை பெற்றனர் என்பதும், இவற்றை இல்லத்துப் பெண்களின் தொன்மையான கலையென விதந்துரைப்போர் மறந்துவிடும் செய்திகளாகும்.

அச்சங்கம் எழுந்த பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாசனைத் திரவியத்தின் பாதை மாறிவிட்டது. ஒல்லாந்தர் 1640இல் காலியையும் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். இலங்கைக் கறுவாவின் ஏகபோகம் அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்குச் சென்றது. அதன்பின் ஐரோப்பாவின் உயர்தரக் கறுவாவின் விலை அம்ஸ்டர்டாமிலே தீர்மானிக்கப்பட்டது. ஜேர்மன் நகரங்களின் பலகாரங்களில் மணந்த கறுவாவும் அவ்வழியாக வந்ததே.

அக்கறுவாவை உரித்தவர் யாவர்? கரையோரச் சிங்களப் பிரதேசங்களின் சலாகம சாதியினர் மீது இத்தொழில் இராசகாரியக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. கம்பனி அக்கடமையை முன்னிருந்தோரைவிட இறுக்கமான கணக்கெடுப்புக்கு உட்படுத்திற்று. இளம்பராயத்திலேயே ஆண்பிள்ளைகள் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர்; வயதோடு ஒப்படைக்கவேண்டிய பட்டையின் அளவும் ஏறிற்று. வேளைக்கு வீடு திரும்ப முடியாமற் காடுகளில் மாதக்கணக்கில் அலைந்து உரிக்கவேண்டியிருந்தது. களவாகக் கறுவா வெட்டுவோருக்கும் விற்போருக்கும் மரணதண்டனை வரை விதிக்கப்பட்டது. கடமையின் கொடுமைக்கு அஞ்சிய பெற்றோர் தம் பிள்ளைகளைக் கடமை இலகுவான வேறு சாதியினராகப் பதியமுயன்றனர். ஒரு தந்தை தன் மகனைத் தன் மகனல்லன் என்று எழுதிவைக்கும்படி வந்த நிலையைச் சிந்திக்குக. 1760இல் எழுந்த கிளர்ச்சிக்கு இத்தகைய நெருக்கடிகள் பின்னணியாக இருந்தன. ஆளுநர் பல்க் 1769ஆம் ஆண்டிற் கொழும்பு மருதானையிற் கறுவாவைத் தோட்டப்பயிராக நாட்டத் தொடங்கியதன் நோக்கம், கண்டிய மன்னரின் காடுகளிலே தங்கியிருக்கும் நிலையை ஒழிப்பதேயாகும்.

இன்று கொழும்புப் பல்கலைக்கழகம் நிற்கும் பகுதியைத் தமிழிற் கறுவாத்தோட்டம் என்றே கூறுகிறோம். பேருந்து நடத்துநரும் கூறுகிறார், நாமும் கூறுகிறோம். பெயரிற் கறுவா இருக்கிறது, உரித்தவன் இல்லை. நகரத்தின் செல்வர் குடியிருப்புக்கு அப்பெயர் எத்துணை அலங்காரமாகப் பொருந்திவிட்டது!

இல்லத்தின் பிறப்பு

மத்தியதர வர்க்கத்து இல்லம் இப்பண்டிகையின் நடுவிடமாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். அதற்கு முன்னர், சீனி, வெண்மா, உலர்பழம் ஆகியவற்றை வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. பீற்றூட் கிழங்கிற் சீனி உண்டென மார்க்கிராப் 1747இல் கண்டறிந்தார். அவரது மாணவர் ஆக்கார்ட் 1801இல் சைலீசியாவில் ஆலை நிறுவினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் சீனி பெரும்பாலோர்க்கு எட்டும் பொருளாயிற்று. திறந்த நெருப்புக்குப் பதிலாக மூடிய இரும்பு அடுப்பு நகர வீடுகளிற் புகுந்தது. சிறு பிஸ்கட்டுகளை வீட்டிலேயே சுடுதற்கு அதுவே வழிசெய்தது. ஹென்றியெற்ற டேவிடிஸ் 1845இல் வெளியிட்ட சமையல் நூல் பல பதிப்புகள் கண்டது. 1893இல் பீலபெல்ட் நகர மருந்தாளர் ஒகுஸ்ட் எட்கர், அளந்து பொதிசெய்த வெதுப்பு மாவைச் சிறு பைகளில் விற்கத் தொடங்கினார். செய்முறைகளையும் உடன் அச்சிட்டு வழங்கினார். பாட்டி கற்றுத்தந்த பலகாரம் எனப் பலரும் போற்றுவது, உண்மையில் ஒரு கம்பனியின் பையில் அச்சிடப்பட்டிருந்த செய்முறையாக இருத்தல் கூடும்.

நாட்களை எண்ணிக் காத்திருக்கும் சாதனங்களும் இந்நூற்றாண்டுக்குரியனவே. ஹம்பேர்க் நகரில் வறிய சிறுவர்க்கான இல்லம் நடத்திய போதகர் வீகர்ன், நத்தார் எப்போது வருமென்று ஓயாது கேட்ட பிள்ளைகளுக்காக 1839ஆம் ஆண்டில் ஒரு வண்டிச்சில்லில் இருபது சிறிய மெழுகுதிரிகளையும் நான்கு பெரியவற்றையும் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, ஏனைய நாட்களுக்குச் சிறியவை. இன்று பசுந்தழையும் நான்கு திரிகளுமாகச் சுருங்கிவிட்ட திருவருகை வளையத்தின் மூலம் அது. வளையம் செல்வர் வீட்டு மேசைக்குச் செல்லுமுன் வறியவர் இல்லத்தில் தொங்கிற்று என்பதை மாத்திரம் குறித்து அப்பாற் செல்வோம்.

தாதுமலையின் வீடுகள்

செல்வர் வீட்டின் இவ்வினிய காத்திருப்புக்குத் தேவையான மரப்பொம்மைகளும் விளக்குத் தாங்கிகளும் எங்கிருந்து வந்தன? சாக்சனியின் தெற்கெல்லையில் உள்ள ஏட்ஸ்கெபிர்க எனும் தாதுமலைப் பகுதியிலிருந்தாகும். பிறைபேர்க்கில் 1168ஆம் ஆண்டளவில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டதிலிருந்து அம்மலை மக்கள் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தனர். மாரிகாலத்தில் விடியுமுன் சுரங்கத்துள் இறங்கி, பொழுது சாய்ந்தபின் ஏறும் மனிதன் வாரத்தில் ஆறு நாட்கள் சூரியனைக் காண்பதில்லை. அவர்தம் நத்தார்க் கலையில் ஒளி பெறும் தலைமையிடத்தை இதனைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சன்னல்களில் வைக்கப்படும் வளைவு வடிவ விளக்குத் தாங்கி முதலில் இரும்பிற் செய்யப்பட்டது. ஜொகான்கெயோர்கன்ஸ்டட் எனும் சுரங்க ஊரில் 1740ஆம் ஆண்டைச் சேர்ந்ததொன்று மிகப் பழையதாகக் கூறப்படுகிறது. வீட்டிலுள்ள ஆண்பிள்ளை ஒவ்வொருவருக்கும் மெழுகுதிரி ஏந்திய சுரங்கத் தொழிலாளி உருவமொன்றும், பெண்பிள்ளை ஒவ்வொருவருக்கும் தேவதை உருவமொன்றும் சன்னலில் வைக்கும் வழக்கமும் அங்குண்டு. தெருவிற் செல்பவர் அவ்வீட்டின் பிள்ளைத்தொகையை எண்ணிக்கொள்ளலாம்.

தாது வற்றியபோது மக்கள் மரத்தை நாடினர். சைபன் என்ற தகரச் சுரங்கக் கிராமத்திற் சுரங்கத் தொழில் 1849இல் முற்றாக நின்றுபோயிற்று. அதற்கு நெடுநாள் முன்னரே கடைசல் தொழில் உபதொழிலாகத் தொடங்கி முதன்மைத் தொழிலாகிவிட்டது. அங்கு வளர்ந்த ஒரு நுட்பம் வியக்கத்தக்கது. ஈரமான மரத்தண்டின் குறுக்குவெட்டைக் கடைசற் பொறியிலேற்றி, வளையமாகக் கடைவர். வெளிப்பார்வைக்கு அது ஏதோ பொருளற்ற வளையம். அதனைக் கேக் வெட்டுவதுபோல ஆரை வழியே பிளந்தால், ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் ஒரு மாட்டினதோ குதிரையினதோ உருவம் தோன்றும். கடைபவன் தான் செய்யும் உருவத்தைக் கடையும்போது காண்பதில்லை, கைப்பழக்கத்தால் அறிகின்றான். ஒரு வளையத்திலிருந்து பல பத்து விலங்குகள் பெறப்பட்டன. மலிவுக்கும் இதுவே காரணம்.

மலிவு யாருக்கு நன்மை செய்தது என்பதே வினா. பொம்மைகளை வாங்கி நூரென்பேர்க், லைப்சிக் வழியாக உலகெங்கும் விற்றவர்கள் வணிகர்களும் இடைத்தரகர்களுமாவர். செய்தவர்கள் எண்ணிக்கைக் கூலி பெற்றனர். தந்தை கடைந்தார், தாய் செதுக்கி ஒட்டினாள், பிள்ளைகள் வர்ணம் பூசினர். சமையல், உறக்கம், தொழில் அனைத்தும் ஒரே அறையில் நடந்தன. நத்தார் விற்பனைக்கான நெருக்கடி மிகுந்த மாதங்களிற் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இரவு வெகுநேரம்வரை விளக்கொளியில் இருந்து வேலை செய்தனர். ஒரு பிள்ளை விளையாடுதற்கான குதிரையை இன்னொரு பிள்ளை கண் எரிய எரிய வர்ணம் தீட்டிற்று. தூரிங்கியாவின் லவுஷா ஊரிலும் இதே கதைதான். 1880ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் வூல்வேர்த் இறக்குமதி செய்யத் தொடங்கிய கண்ணாடிக் குண்டுகளுக்கு உள்ளே வெள்ளிப்பூச்சு ஊற்றியவரும் வெளியே வர்ணம் தீட்டியவரும் அவ்வீடுகளின் பெண்களும் சிறுவர்களுமே.

ஜேர்மன் பேரரசின் தொழிற்சட்டங்கள் நெடுங்காலம் தொழிற்சாலைகளை மாத்திரமே கருத்திற்கொண்டன. வீடு என்பது சட்டத்தின் கண்ணுக்கு அப்பாற்பட்ட புனித வட்டமாயிருந்தது. வீட்டுத்தொழிலில் ஈடுபடும் சிறுவரின் வேலைநேரத்தையும் வயதையும் வரையறுத்த சட்டம் 1903ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. அதிலும் பிறர் பிள்ளைகளுக்கு இருந்த பாதுகாப்புச் சொந்தப் பிள்ளைகளுக்குக் குறைவாகவே இருந்தது. இதனை எமது நாட்டுப் பீடிச் சுற்றல், கயிறு திரித்தல் முதலிய வீட்டுத்தொழில்களை அறிந்தோர் எளிதில் விளங்கிக்கொள்வர். கொழுத்த நகர இல்லமும் மெலிந்த மலை இல்லமும் ஒரே பண்டிகையால் இணைக்கப்பட்டிருந்தன. முன்னது காத்திருந்தது, பின்னது உழைத்தது. இரண்டுக்கும் 'வீட்டுக் கைவினை' என ஒரே பெயரை வழங்குவது வரலாற்றுக் கண்ணுக்கு ஒவ்வாது.

அடுப்படியில் அரசு

இருபதாம் நூற்றாண்டில் அரசே அடுப்படிக்குள் நுழைந்தது. நாசிக் கட்சி கிறிஸ்துவை நீக்கிய ஒரு மாரிகாலப் பண்டிகையை உருவாக்க முயன்று, திருவருகை என்ற பெயரையே தவிர்த்தது. 1940களின் முற்பகுதியிற் கட்சியின் பிரசாரப் பிரிவு தாய்மாருக்கென வெளியிட்ட நாட்காட்டி நூலிற் பலகாரச் செய்முறைகளும் கைவினை விளக்கங்களும் கட்சியின் சின்னங்களும் போர்க்கதைகளும் பக்கம் பக்கமாகக் கலந்திருந்தன. பிஸ்கட்டின் வடிவத்தைக்கூட மாற்ற விரும்பிய அரசு அது. தாய் மாப் பிசையும் வேளையிற் பிள்ளை பக்கத்தில் நிற்கிறது என்பதை அப்பிரசாரகர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

போருக்குப்பின் 1949இல் தோன்றிய ஜேர்மன் சனநாயகக் குடியரசின் எல்லைக்குள் சாக்சனி அமைந்தது. அவ்வரசு நத்தாரை ஒழிக்க முனையவில்லை. எனினும் உலர்ந்த திராட்சை, பாதாம்பருப்பு, சீனிப்பாகிட்ட நார்த்தங்காய் வகைத் தோல் ஆகியவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. அது எப்போதும் பற்றாக்குறை. நார்த்தைத் தோலுக்குப் பதிலாக முதிராத கரட்டையும் பச்சைத் தக்காளியையும் பாகிலிட்டு விற்றனர். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தை நினைவுகூரும் எமது வீட்டு முதியோர், இதனைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். பூசணித்தோசியின் அருமை அவர்களுக்குத் தெரியும். தாதுமலையின் மரப்பட்டறைகளிற் பெரும்பாலானவை 1972ஆம் ஆண்டளவில் அரசுடைமையாயின. அவற்றின் சிறந்த உருப்படிகள் மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. செய்த ஊரிலே அவை கடைக்காரர் அறிமுகமானோர்க்கு மாத்திரம் மேசையின் கீழிருந்து எடுத்துக் கொடுக்கும் பொருட்களாயின. பொதுவுடைமை அரசின்கீழும் மலைவீட்டின் பொம்மை மலைவீட்டுக்குக் கிட்டவில்லை என்பது, வர்க்க ஆய்வை விரும்பும் எம்போன்றோர் ஏற்கத் தயங்கக்கூடாத உண்மையாகும்.

ஆனால் இக்காலத்திலேதான் எனக்கு மிகவும் பிடித்த வழக்கமொன்று உருவாயிற்று. இலையுதிர் காலத்தில் மேற்கு ஜேர்மனியிலிருந்து உறவினர்கள் கிழக்குக்குப் பொதிகள் அனுப்புவர். பொதியின்மேல் 'அன்பளிப்பு, வியாபாரப் பொருளன்று' என எழுதுதல் கட்டாயம். உள்ளே கோப்பி, சொக்லட், திராட்சை, பாதாம், நார்த்தைத் தோல். கிழக்கில் உள்ள தாயோ சகோதரியோ அவற்றைக் கொண்டு ஸ்டொலன் செய்து, டிசெம்பருக்கு முன்னர் அதே எல்லையூடாகத் திருப்பி அனுப்புவாள். பிரிக்கப்பட்ட ஒரு நாட்டின் இரு பாதிகளும் சேர்ந்தே ஒரு பாணைச் செய்தன. மேற்கில் அதனைக் கடையில் வாங்க முடியாமலில்லை. ஆயினும் டிறெஸ்டனிலிருந்து வந்த பொதியை அவிழ்ப்பதற்காக அங்கே காத்திருந்தனர். பெறுவதை மாத்திரமே ஏற்றுக் கைநீட்டி வாழ விரும்பாத ஒரு மக்கட் கூட்டம், தன் கைத்திறத்தைத் திருப்பிக் கொடுத்துத் தன்மானம் காத்த வழியாக இதனைக் காண்கிறேன். எமது மக்களும் வெளிநாட்டுப் பொதிகளுக்குக் காத்திருந்து, பதிலுக்குப் பனாட்டும் ஒடியலும் மிளகாய்த்தூளும் அனுப்பியவர்களாதலால் இதனைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

1990இல் இரு நாடுகளும் ஒன்றானதும் அப்பொதிகளின் தேவை போயிற்று. இன்று ஜேர்மன் பல்பொருள் அங்காடிகளிற் செப்டெம்பர் மாதத்திலேயே லேப்கூஹனும் ஸ்டொலனும் அடுக்கப்படுகின்றன. முன்கூட்டிய ஆயத்தம் என்பது வணிகரின் ஆயத்தமாகிவிட்டது. பெயர் பொறித்த தகரத் தகடுகளைப் பழம்பொருள் சேகரிப்போர் தேடுகின்றனர். வளையம் கடையும் கலைஞர்கள் சைபனில் ஒரு சிலரே எஞ்சியுள்ளனர்.

கறுவாவின் கதைக்கு மாத்திரம் ஒரு சிறு தொடர்ச்சி உண்டு. ஜேர்மனியிற் பெருமளவிற் பயன்படுவது இப்போது இலங்கைக் கறுவா அன்று. சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் மலிவான தடித்த பட்டையேயாகும். அதிலுள்ள கூமரின் எனும் பொருள் மிகின் ஈரலுக்குத் தீங்கு என்பதால், நத்தாருக்கெனச் செய்யும் நட்சத்திர வடிவக் கறுவாப் பிஸ்கட்டுகளை அளவோடு உண்ணுமாறு அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006ஆம் ஆண்டில் எச்சரித்தது. கறுவாவை மிகுதியாகப் பயன்படுத்துவோர் கூமரின் குறைந்த இலங்கைக் கறுவாவைத் தெரிந்துகொள்ளுதல் நன்று எனவும் அது ஆலோசனை கூறிற்று. அக்கறுவாவைக் காலி, மாத்தறை மாவட்டங்களில் இன்றும் கத்தி கொண்டு கையாலேயே உரிக்கின்றனர். தரையிற் சப்பணமிட்டு அமர்ந்து, பித்தளைக் கோலால் தண்டைத் தேய்த்து, பட்டை கிழியாமற் கழற்றவேண்டும். அத்தொழிலுக்கு இளைஞர் முன்வருவதில்லை என்று தோட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்கின்றனர்.